பேர்போன மேனேஜரும் பரிதாபமான துரையும்: ஆங்கிலச் சொல்வளம் பற்றி ஒரு பதில்

செம்பனை ஆலை ஒன்றில் கிராணியாக (ஆபீஸ் குமாஸ்தாவாக) வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மலேசியாவின் படிவம் ஐந்து பரீட்சையான எஸ்.பி.எம்.மில் ஆங்கிலத்துக்கு பி வாங்கியவர். கடினமான ஆங்கிலச் சொற்கள் ஆயிரத்தை நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழ் அர்த்தம் போட்டு, ஒரு வருடமாக மனப்பாடம் செய்தாராம். பேசும்போது ஒன்றுகூட வாயில் வருவதில்லை. வந்த ஒன்றும் மானத்தை வாங்கிவிட்டது. மாற்றலாகிப் போன உதவி மேனேஜருக்கு நடந்த பிரியாவிடை விருந்தில், அவருடைய நல்ல மனசுக்கு அவர் 'நொட்டோரியஸ்' என்று மைக்கில் சொல்லியிருக்கிறார். பின் வரிசை சிரித்துவிட்டது. அடுத்த வருடம் மூவெட் (பல்கலைக்கழகம் போக எழுதும் ஆங்கிலப் பரீட்சை) எழுத வேண்டும், சொல்வளத்தை எப்படி வளர்ப்பது, இந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்பது கேள்வி.

தம்பி, முதலில் சிரித்தவர்களை விடுங்கள். அதில் பாதிப் பேர் பக்கத்தில் இருந்தவன் சிரித்ததால் சிரித்திருப்பார்கள். நான் பண்ணின கூத்துக்கு முன்னால் உங்களுடையது ஒன்றுமே இல்லை.

1978. நான் படிவம் நான்கு. பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டம், அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு, லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) 'இங்கிலீஷ் படிக்கிற பையன்' என்று எனக்கு ஒரு மரியாதை. தோட்ட மேனேஜரான துரையின் தாயார் சீமையில் தவறிவிட்டார் என்று செய்தி வந்தது. தொழிலாளர்கள் சார்பில் அனுதாபக் கடிதம் எழுத மண்டோர் (வேலை மேற்பார்ப்பவர்) என்னைப் பிடித்தார். ராத்திரி முழுக்க அகராதியைப் புரட்டினேன். 'பதெடிக்' என்ற சொல்லுக்கு 'பரிதாபத்துக்குரிய, இரக்கம் தூண்டும்' என்று போட்டிருந்தது. ஆகா, தேடியது கிடைத்தது என்று 'யூ ஆர் வெரி பதெடிக்' என்று நல்ல கையெழுத்தில் எழுதி, காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். நல்ல வேளை, துரை கைக்குப் போகும் முன்னால் பெரிய கிராணி வாங்கிப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை. "ஏண்டா, அம்மாவைப் பறிகொடுத்த மனுசன்கிட்ட, 'உன்னைப் பார்த்தா கேவலமா இருக்கு'ன்னு எழுதியிருக்கே!"

அகராதி பொய் சொல்லவில்லை. 'பதெடிக்' கிரேக்க 'பாதோஸ்' வழியாக வந்த சொல். பாதோஸ் என்றால் உணர்ச்சி, துன்பம். 'சிம்பதி', 'எம்பதி' எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். ஒன்றும் உறைக்காமல் கல் மாதிரி இருப்பது 'அபதி', ஒருவரைக் கண்டாலே ஆகாமல் போவது 'ஆன்டிபதி', அதுவும் அங்கேதான் பிறந்தது. ஒரு காலத்தில் 'பதெடிக்' மனதை உருக்குவது என்ற நல்ல பொருளில்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு ஒருவரைப் பார்த்து நேராக அப்படிச் சொன்னால் இரக்கம் போய் இளக்காரம்தான் கேட்கும். நாம்கூட 'பரிதாபமான கேஸ்' என்று யாரையாவது சொல்லும்போது அதில் இரக்கம் எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் 'நொட்டோரியஸ்' கதையும் இதேதான். உங்கள் நோட்டில் 'பெயர்பெற்ற' என்று எழுதியிருக்கும். லத்தீனில் 'நோட்டுஸ்' என்றால் அறியப்பட்ட. 'நோட்டீஸ்', 'நோட்டிஃபை' இரண்டுக்கும் அதே வேர். ஆகவே எழுதிய அர்த்தம் தப்பில்லை, பாதி அர்த்தம், அவ்வளவுதான். எதற்குப் பெயர்பெற்றவர் என்பதில் சூட்சுமம் இருக்கிறது. 'நொட்டோரியஸ்' கெட்டதற்கு மட்டுமே வரும்: ரவுடி, ஜாமாகும் ரோடு, ஏமாற்றுக்காரன். நல்லதற்குப் பெயர்பெற்றால் 'ஃபேமஸ்', 'வெல் நோன்', மரியாதை கூட வேண்டுமென்றால் 'ரினௌன்ட்'. அன்றைக்கு நீங்கள் சொல்ல நினைத்தது சாதாரண 'நோன் ஃபார் ஹிஸ் கைண்ட்னஸ்'. அதைச் சொல்லியிருந்தால் ஒருத்தரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவிட்டால் அந்தச் சொல் தெரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது ஆளின் முகத்தைப் பார்த்தது மாதிரி. அவன் எந்தக் குடும்பம், யாரோடு சுற்றுவான், எந்த வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடலாம், எதற்குக் கூப்பிடக்கூடாது என்பதெல்லாம் தெரிந்தால்தான் ஆளைத் தெரியும் என்று அர்த்தம்.

இது உங்களுக்குப் புதிய வித்தையும் இல்லை. தமிழில் செத்தான், இறந்தார், காலமானார், சிவபதவி அடைந்தார் என்று எத்தனை இருக்கிறது. எதை எங்கே போடுவது என்று யாராவது உங்களுக்குப் பாடம் நடத்தினார்களா? மலாயில் 'மாத்தி', 'மெனிங்கல்', சுல்தான் என்றால் 'மங்காட்'. இது தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாங் பெர்ஜுந்தாய் என்பதற்கு அகராதியில் பார்த்தால் தொங்கும் மரத்தண்டு மாதிரி ஒரு சாதுவான அர்த்தம்தான் வரும். ஆனால் கேட்பவர்கள் காதில் வேறு ஏதோ விழுகிறது, வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள். அகராதி அர்த்தத்துக்கும் காதில் விழும் அர்த்தத்துக்கும் உள்ள தூரத்துக்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும். (நாங்கள் இன்னும் பத்தாங் என்றுதான் சொல்கிறோம், அது வேறு விஷயம்.) இரண்டு மொழியில் இந்தக் காது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. மூன்றாவதுக்கும் அதைத் திறந்து வைக்க வேண்டும்.

இப்போது ஒரு சொல்லை முழுசாக அவிழ்த்துப் பார்ப்போம். நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்லாகவே இருக்கட்டும்: 'எஸ்டேட்'. இதுகூடத் தெரியாதா என்பீர்கள். பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் தவறின பிறகு, சொத்து விஷயமாக ஒரு வக்கீல் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. அதில் 'த எஸ்டேட் ஆஃப் த லேட்' என்று போட்டுக் கணவர் பெயர். மகன் படித்துக் காட்டியதும் அந்த அக்கா கேட்டது: "எங்களுக்கு ஏதுடா எஸ்டேட்? நாங்க எஸ்டேட்ல வேலை செஞ்சவங்கதானே?" வேடிக்கை இல்லை, நியாயமான கேள்வி. அங்கே எஸ்டேட் என்றால் இறந்தவர் விட்டுப்போன சொத்தும் கடனும் சேர்ந்த மொத்தம், அது ஒரு பழைய மோட்டாராகவும் சேமிப்புக் கணக்காகவும் இருந்தாலும் சரி. இங்கிலாந்தில் 'ஹௌசிங் எஸ்டேட்' என்றால் வீடமைப்புப் பகுதி, 'எஸ்டேட் ஏஜென்ட்' என்றால் வீடு விற்றுக் கொடுப்பவர், 'எஸ்டேட் கார்' என்றால் பின்பக்கம் நீண்ட காடி. பத்திரிகைத் துறையை 'ஃபோர்த் எஸ்டேட்' என்பார்கள். பழைய ஐரோப்பாவில் மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்று மூன்று 'எஸ்டேட்' இருந்ததால் இது நான்காவது. எல்லாம் லத்தீன் 'ஸ்டேட்டுஸ்', அதாவது நிலை என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. 'ஸ்டேட்', 'ஸ்டேட்டஸ்' இரண்டும் கூடப் பிறந்தவை. ஒருவரின் நிலை, நிலைக்கேற்ற சொத்து, சொத்து என்றால் நிலம், நிலம் என்றால் தோட்டம் என்று அது நடந்து வந்த வழி தெரிந்துவிட்டால், நான்கைந்து அர்த்தத்தைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தோட்டத்துச் சொற்களே பாதிப் பாடம் நடத்தும். ரப்பர் மரம் என்கிறோமே, 'ரப்' என்றால் தேய். பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்க இந்தப் பொருள் நன்றாக உதவுகிறது என்று 1770-ல் ஜோசஃப் பிரீஸ்ட்லி எழுதி வைத்தார். பள்ளிக்கூடத்து அழிப்பான் முதலில், டயர் எல்லாம் பிறகு. ஆங்கிலமே தெரியாத என் பாட்டி 'லைன்' என்பதை லயம் ஆக்கி, 'பரேட்' என்பதைப் பெரட்டு ஆக்கி, காயத்துக்கு 'டிரெஸ்ஸிங்' செய்பவரை டிரெசர் ஐயா என்று கூப்பிட்டு ஆயுசு முழுக்க ஆங்கிலச் சொற்களோடுதான் குடும்பம் நடத்தினாள். லோரி பின்னால் போகும்போது 'கோஸ்தான், கோஸ்தான்' என்று கத்துகிறோமே, அது கப்பல்காரர்களின் 'கோ அஸ்டேர்ன்', கப்பலைப் பின்பக்கமாக விடு. நம்மிடமிருந்து போனதும் உண்டு. கட்டுமரம் 'காட்டமரான்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, வெறிபிடித்துத் தாக்குவதைச் சொல்லும் மலாய் 'அமோக்' அப்படியே ஏறிக்கொண்டது. எங்கள் பக்கத்திலேயே தென்னமரம் என்று ஒரு தோட்டம், ஆங்கிலப் பதிவுகளிலும் அதே பெயர்தான். 1917-ல் இந்த நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்டது அந்தத் தென்னமரத்தில்தான்.

சரி, வேருக்கு வருவோம். வேர் பிடித்துப் படிப்பது நல்ல வழி, ஆனால் அளவோடு. 'மல்' என்றால் கெட்ட. மலேரியா இத்தாலியச் சொல், 'மாலா ஆரியா', கெட்ட காற்று. கொசுதான் காரணம் என்று தெரியாத காலத்தில் சதுப்பு நிலத்துக் காற்றுதான் காய்ச்சல் தருகிறது என்று நம்பி வைத்த பெயர். அதைப் பிடித்துக்கொண்டால் 'மல்நியூட்ரிஷன்', 'மல்ஃபங்ஷன்', 'மல்பிராக்டிஸ்', 'மேலிஸ்', 'மலேவொலன்ட்' என்று ஒரு குலை கையில் வரும். ஆனால் அதே வேகத்தில் 'மேல்', 'மால்', மலேசியா எல்லாம் கெட்டது என்று ஆரம்பித்துவிடக்கூடாது! ஒலி ஒன்றாக இருப்பதால் உறவு என்று ஆகாது. 'இன்' என்று தொடங்கினால் 'இல்லை' என்று அர்த்தம் என்று டியூஷனில் சொல்லிக் கொடுப்பார்கள். டாங்கி லோரியில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைத் தீப்பிடிக்காது என்று நினைத்துப் பக்கத்தில் போய் நின்று சிகரெட் பற்ற வைத்தால் என்ன ஆகும்? அந்தச் சொல்லுக்கு எளிதில் தீப்பற்றும் என்று பொருள். 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாதது இல்லை, மதிப்பே போட முடியாதது. வேர் வழிகாட்டும், ஆனால் அகராதியில் ஒருமுறை சரிபார்க்காமல் அதை நம்பி இறங்காதீர்கள்.

ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு ஏன் மூன்று சொல் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் 1066-ஐச் சொல்வேன். அந்த வருடம் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையில் பிரெஞ்சு, கோயிலிலும் படிப்பிலும் லத்தீன், குடியானவன் வாயில் பழைய ஆங்கிலம். அதனால்தான் 'ஆஸ்க்', 'குவெஸ்சன்', 'இன்டரோகேட்'. தமிழில் கேட்டான், வினவினான், விசாரித்தான். போலீஸ் 'இன்டரோகேட்' செய்யும், அம்மா 'ஆஸ்க்' பண்ணுவாள். பட்டியலில் மூன்றுக்கும் 'கேள்' என்றே இருக்கும். கடைக்காரரை இன்டரோகேட் பண்ணினேன் என்று எழுதிவிட்டு ஏன் மார்க் குறைந்தது என்று வருத்தப்பட்ட மாணவனை எனக்குத் தெரியும். பொதுவாகக் குட்டையான சொல் வீட்டுச் சொல், நீளமானது ஆபீஸ் சொல் என்று வைத்துக்கொள்ளலாம். விதிவிலக்கு நிறைய உண்டு. மூவெட் கட்டுரையில் ஆபீஸ் சொல் வேண்டும், ஆனால் வரிக்கு வரி இல்லை. கல்யாணத்துக்குப் போகிறவன் மூன்று வேட்டி கட்டிக்கொண்டு போகமாட்டான் இல்லையா.

அப்புறம் கூட்டாளிகள். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், பள்ளியில் மிகக் குறைவாகச் சொல்லிக் கொடுப்பதும் இதுதான். ஒரு சொல்லை அதனுடைய சேர்க்கையை வைத்துத்தான் அறியமுடியும் என்ற கருத்தை ஃபிர்த் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1957-ல் எழுதினார். பிறகு பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சின்கிளேர் என்பவரின் குழு நிஜமான எழுத்தையும் பேச்சையும் கணினியில் கொட்டி, எந்தச் சொல் எதோடு வருகிறது என்று பார்த்து 1987-ல் ஓர் அகராதியே போட்டது. ஆனால் இதைப் புரிந்துகொள்ள கணினி வேண்டாம், மாமாக் கடைக்குப் போனால் போதும். 'தே கெட்டியா ஒண்ணு' என்கிறோம். அதை ஆங்கிலத்தில் 'திக் டீ' என்றால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அவர்கள் அப்படிச் சொல்வதில்லை, 'ஸ்ட்ராங் டீ'. காற்றும் 'ஸ்ட்ராங்', மழை மட்டும் 'ஹெவி'. தப்பை 'மேக்' பண்ண வேண்டும், வீட்டுப்பாடத்தை 'டூ' பண்ண வேண்டும். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. நாமும்தானே மழை 'பெய்தது' என்கிறோம், பனியும் 'பெய்தது' என்கிறோம், வெயிலுக்கு மட்டும் 'அடித்தது'. மேலே சொன்ன 'அமோக்' கூட 'ரன்' என்ற ஒரே கூட்டாளியோடுதான் பெரும்பாலும் வெளியே கிளம்பும்.

இதற்குள் இன்னொரு நுணுக்கம். சில சொற்கள் பார்க்க வெள்ளந்தியாக இருக்கும், ஆனால் கெட்ட சகவாசம். 'காஸ்' என்றால் உண்டாக்கு. உண்மையில் அது எதை உண்டாக்குகிறது என்று பத்து வாக்கியம் தேடிப் பாருங்கள்: விபத்து, சேதம், தகராறு, நோய், தாமதம். ஆகவே 'அவர் வருகை மகிழ்ச்சியை காஸ் பண்ணியது' என்று எழுதினால் படிப்பவருக்கு எங்கோ இடறும். தமிழில் 'இழைத்தான்' என்று ஆரம்பித்தாலே அடுத்து துரோகமா அநீதியா என்று காது காத்திருக்கிறதே, அதே மாதிரி. யாராவது 'நன்மை இழைத்தார்' என்று எழுதினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? உங்கள் 'நொட்டோரியஸ்' அந்த விருந்தில் அப்படித்தான் கேட்டிருக்கும்.

எந்தச் சொற்களைப் படிப்பது? கடினமான சொல் என்று பட்டியல் போட்டு விற்பவர்களிடம் எனக்கு ஒரு கோபம் உண்டு. பத்து வருடத்துக்கு ஒருமுறை கண்ணில் படுகிற சொல்லை முதல் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள். நியூசிலாந்தில் பால் நேஷன் என்ற ஆய்வாளர் 2006-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்: நாவல், செய்தித்தாள் போன்றவற்றை யார் துணையும் இல்லாமல் வாசிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை. சொற்குடும்பம் என்றால் 'டிசைட்', 'டிசிஷன்', 'டிசைசிவ்' மூன்றும் சேர்ந்து ஒன்று. மலைத்துப் போகாதீர்கள், எஸ்.பி.எம்.மில் பி வாங்கியவருக்கு அதில் சில ஆயிரம் ஏற்கெனவே கையில் இருக்கும். மூவெட்டுக்கு உடனே உதவுவது அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல். மொத்தம் 570 குடும்பங்கள், கல்வி சார்ந்த எழுத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இவைதான். 'அனலைஸ்', 'சிக்னிஃபிகன்ட்', 'இம்ப்ளை', 'கான்ட்ராஸ்ட்' மாதிரி, மிரட்டாத, ஆனால் எல்லா இடத்திலும் தலைகாட்டும் சொற்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாளுக்கு ஐந்து என்றால் 114 நாள், நான்கு மாதம்கூட ஆகாது. ஐந்துக்கு மேல் வேண்டாம். ஆர்வத்தில் முப்பது நாற்பது என்று ஆரம்பித்தவர்கள் ஒருவரும் தீபாவளியைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

பட்டியல் ஒரு பக்கம் இருக்கட்டும், வாசிப்பு இல்லாமல் இதெல்லாம் ஒட்டாது. எதையாவது வாசி என்று பொதுவாகச் சொல்லமாட்டேன். ஒரே விஷயத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். நீங்கள் ஆலையில் இருக்கிறீர்கள், கச்சா செம்பனை எண்ணெய் விலை ஒவ்வொரு வேலைநாளும் ஆங்கிலப் பத்திரிகையில் வருகிறது. பதினைந்து வரிச் செய்தி, ஐந்து நிமிடம். ஒரு மாதம் படித்துப் பாருங்கள். விலை கொஞ்சமாக ஏறினால் 'எட்ஜ்ட் அப்', நன்றாக ஏறினால் 'கிளைம்ப்ட்', குபீரென்று எகிறினால் 'சர்ஜ்ட்', விண்ணைத் தொட்டால் 'சோர்ட்'. இறங்கும்போது 'ஸ்லிப்ட்' என்றால் நழுவியது, 'ஸ்லம்ப்ட்' என்றால் சரிந்து படுத்துவிட்டது, 'பிளஞ்ச்ட்' என்றால் தலைகுப்புற, விழுந்தது மறுபடி நிமிர்ந்தால் 'ரீபௌண்டட்'. ஏறு, இறங்கு என்ற இரண்டே விஷயத்துக்கு இத்தனை படி. விஷயம் உங்களுக்கே தெரிந்தது என்பதால் அகராதியைத் தொடாமலே பாதி பிடிபடும். அதே சொற்கள் மறுநாளும் வரும், அதற்கு அடுத்த நாளும் வரும். மூவெட்டில் வரைபடமோ புள்ளிவிவரமோ பற்றிப் பேச நேர்ந்தால் இவை கைகொடுக்கும்.

இனி நோட்டு. என்னிடம் டியூஷன் வருபவர்களுக்கு நாளுக்கு ஐந்து சொல், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம். ஒன்றைக் காட்டுகிறேன்: 'ரிலக்டன்ட்'. பட்டியலில் 'தயக்கமுள்ள' என்று இருக்கும். 'ஹெசிடன்ட்' என்பதற்கும் 'தயக்கமுள்ள' என்றே இருக்கும், அங்கேதான் வம்பு. வேரைப் பாருங்கள். லத்தீனில் 'லுக்டாரி' என்றால் மல்யுத்தம் செய், 'ரிலக்டாரி' என்றால் எதிர்த்து மல்லுக்கட்டு. 'ஹெசிடேட்' என்பது ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்பது என்ற வேரிலிருந்து வருகிறது. ஆக, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றால் ஹெசிடன்ட், செய்ய மனசே இல்லாமல் உள்ளுக்குள் மல்லுக்கட்டினால் ரிலக்டன்ட். நல்ல தமிழில் 'வேண்டா வெறுப்பாக' என்போமே, அதற்குப் பக்கம். அடுத்த வரியில் குடும்பம்: 'ரிலக்டன்ஸ்', 'ரிலக்டன்ட்லி'. அதற்கடுத்து கூட்டாளி: பின்னால் 'டு' போட்டு ஒரு வினைச்சொல், 'ரிலக்டன்ட் டு லீவ்', 'ரிலக்டன்ட் டு அட்மிட்', ஒப்புக்கொண்டால் 'ரிலக்டன்ட்லி அக்ரீட்'. கடைசியாகச் சொந்த வாக்கியம், அகராதியிலிருந்து திருடக்கூடாது. ஒரு மாணவி எழுதியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தோட்டத்தை மேம்பாட்டுக்கு எடுத்த பிறகு, மலிவுவிலைப் பிளாட் சாவியைக் கையில் கொடுத்தும், முப்பது வருடம் வளர்த்த முருங்கையை விட்டுவிட்டு லயத்தைக் காலி செய்ய அவள் பாட்டி ரிலக்டன்ட் ஆக இருந்தாளாம். அந்த வகுப்பில் இருந்த பன்னிரண்டு பேரும் அந்தச் சொல்லை மறந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அர்த்தம் பார்க்க ஆங்கிலம்-தமிழ் அகராதி மட்டும் போதாது என்று இதற்குள் தெரிந்திருக்கும். ஆங்கிலம் படிப்பவர்களுக்கென்றே ஆங்கிலத்திலேயே விளக்கம் சொல்லும் அகராதிகள் இருக்கின்றன. அந்த வகையில் முன்னோடி ஹார்ன்பி. அவர் ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாத்தியார், 1942-ல் டோக்கியோவில்தான் அவர் அகராதி முதலில் வந்தது, பிறகுதான் ஆக்ஸ்ஃபர்ட் எடுத்துக்கொண்டது. நம்மைப் போல வெளியே நின்று படிப்பவர்களின் கஷ்டத்தைப் பார்த்துச் செய்தது, அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் எதோடு வரும், எப்படி வரும் என்ற உதாரணம் இருக்கும். அதற்கு வாரிசாக வந்தவை எல்லாம் இப்போது கைப்பேசியிலேயே சும்மா பார்க்கலாம். உதாரண வாக்கியத்தை முதலில் படியுங்கள், விளக்கத்தைப் பிறகு படியுங்கள், தமிழைக் கடைசியில் நீங்களே எழுதுங்கள்.

மறதிக்கு வைத்தியம் பழையது. எபிங்கௌஸ் என்ற ஜெர்மானியர் தன்னைத்தானே சோதித்து, படித்தது முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது என்று 1885-லேயே எழுதினார். 1972-ல் லைட்னர் என்பவர் அதை அட்டையும் பெட்டியுமாக ஆக்கினார். நான் மைலோ டின் நான்கு வைத்திருக்கிறேன். புது அட்டை முதல் டின்னில், தினமும் பார்ப்பது. சரியாகச் சொன்னால் இரண்டாவது டின், மூன்று நாளுக்கு ஒருமுறை. அப்புறம் வாரம், அப்புறம் மாதம். எங்கே தப்பினாலும் முதல் டின்னுக்கே திரும்ப வேண்டும். கைப்பேசியில் 'அங்கி' என்ற செயலி இதையே செய்யும், ஆண்ட்ராய்டில் இலவசம். ஒரே ஒரு மாற்றம்: அட்டையின் முன்பக்கத்தில் தனிச் சொல்லை எழுதாதீர்கள். சொல் இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்டு உங்கள் வாக்கியத்தை எழுதுங்கள். பார்த்தால் புரிவதற்கும் தேவைப்படும்போது நாக்கில் வருவதற்கும் நடுவில் இருக்கிற பள்ளம் அந்தக் கோட்டில்தான் நிரம்பும்.

ஆபீஸ் கடிதங்கள் எழுதுபவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று நாம் மின்னஞ்சலில் போடுகிறோம், பதில் அனுப்புங்கள் என்ற பொருளில். இங்கேயும் சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் ஓடும். லண்டன்காரர் படித்தால் எந்தப் பழைய நிலைக்குத் திரும்பச் சொல்கிறார் என்று யோசிப்பார். 'ஐ வில் சென்ட் யூ டு த ஸ்டேஷன்' என்கிறோமே, அது மலாய் 'ஹந்தார்' (கொண்டுபோய் விடு) பேச்சு, லண்டன்காரருக்கு அது பார்சல் அனுப்புவது மாதிரி. இதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, ஒட்டுக்கடையில் நானும் அப்படித்தான் பேசுகிறேன். எந்த ஊர் எல்லை வரை எந்தச் சொல் செல்லுபடியாகும் என்பதும் பொருளில் சேர்த்திதான். பரீட்சைத் தாளில் 'ரிப்ளை' என்றே எழுதுங்கள்.

கடைசிக் கேள்வி, நோட்டைத் தூக்கிப் போடவா. வேண்டாம், ஒரு வருட உழைப்பு அது. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், ஆயிரத்தில் எந்தச் சொல்லையெல்லாம் நோட்டுக்கு வெளியே, பத்திரிகையிலோ படத்திலோ ஆலைக் கடிதத்திலோ ஒருமுறையாவது சந்தித்திருக்கிறீர்களோ, அதற்கு மட்டும் ஒரு டிக் போடுங்கள். முந்நூறு தேறினால் பெரிது. மீதி இருக்கட்டும், நேரில் சந்திக்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். அந்த முந்நூறை நாளுக்கு ஐந்தாக, அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் புது நோட்டுக்கு மாற்றுங்கள். முதல் பக்கத்தில் 'நொட்டோரியஸ்' எழுதி, கூட்டாளி வரியில் அந்த ஆலைக்குப் போகிற ரோட்டின் குழிகளைப் போடுங்கள், பொருத்தமாக இருக்கும்.